மாதா படத்துக்குப் பின்னால்

எங்கள் வீட்டில் சாமிகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் குளியல். சரஸ்வதி பூஜையன்று காலையில் படங்களையெல்லாம் சுவரிலிருந்து இறக்கி, ஹாலில் செய்தித்தாள் விரித்துப் படுக்கவைத்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து கண்ணாடியைத் துடைக்க வேண்டும். பிறகு சந்தனம், அதன்மேல் குங்குமம். குடியிருப்பது குவைத்தில், அப்பாசியாவில், மூன்றாவது மாடியில் என்பதற்காக அம்மா இதில் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. துணியைப் பிழிவதில்தான் விஷயம் இருக்கிறது என்று அவள் ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். நான் ஒவ்வொரு வருஷமும் தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டலின் லட்சணம் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் தெரிந்தது.

அப்போது எங்கள் ஃபிளாட்டில் ஓர் அறையை ஆச்சிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஆச்சி மணிலாக்காரி, ஆனால் பரம்பரையில் சீனத்தி. பல் கிளினிக் ஒன்றில் டாக்டருக்கு உதவியாளராக வேலை பார்த்தாள். அவர்கள் வீடுகளில் மூத்த அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்களாம், நீயும் அப்படியே கூப்பிடு என்றாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆச்சி என்றால் தலை நரைத்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுப் பெண்ணை ஆச்சி என்று கூப்பிட நாக்கு கூசுகிறதென்று அப்பா மட்டும் கடைசிவரை மேடம் என்றே சொல்லிவந்தார். ஆச்சி எங்களிடம் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். அதைத் தமிழில் சொல்கிறேன்.

அவள் அறையில் கட்டிலுக்கு மேலே ஒரு மாதா படம் தொங்கியது. பழைய மரச் சட்டம், நீல அங்கி, லேசாகச் சாய்ந்த தலை. அதற்குக் கீழே ஒரு சின்ன அலமாரியில் எப்போதும் மூன்று ஆரஞ்சுப் பழங்களும், மணல் நிரப்பிய கிண்ணத்தில் ஊதுவத்தியும் இருக்கும். எதிர் ஃபிளாட் மலையாளச் சேச்சியும் மாதாவைக் கும்பிடுகிறவள்தான். ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, இதென்ன இந்துக்கள் மாதிரி ஊதுவத்தி என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். எனக்கோ அந்த அறைதான் ஃபிளாட்டிலேயே சரியாக அமைந்த பூஜையறையாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலங்களில் ஆச்சிக்கு டியூட்டி சீக்கிரம் முடியும். ஊரிலிருந்து வந்த ஹோப்பியா என்ற பலகாரத்தை எடுத்துக் கொடுப்பாள். கடித்துப் பார்த்தால் உள்ளே நம் பாசிப்பருப்புப் பூரணம்! அதைத் தின்றுகொண்டே கதை கேட்பேன். அவளுக்குத் தெரிந்த கதைகள் எல்லாமே சாமியார்கள் கதைகள். அவளுடைய ஆட்களைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ப்பதற்காக வந்த சாமியார்கள்.

முதலில் வந்தவர்கள் ஸ்பானியச் சாமியார்கள். அது நானூறு வருஷத்துக்கு முந்திய கதை. மணிலாவில் சீன வியாபாரிகளுக்கென்று ஆற்றங்கரையில் ஒரு பேட்டை இருந்தது. ஞானஸ்நானம் வாங்கியவனுக்கு வரியில் சலுகை உண்டு, உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் நீளமாக வளர்த்த தலைமுடியை வெட்டிவிட வேண்டும். நாங்களும்தான் திருச்செந்தூரில் மொட்டை போடுவோம் என்று நான் குறுக்கே விழுந்தேன். "நீங்க மொட்டை போட்டுட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். முடி போனவனை அங்க சேர்த்துக்க மாட்டாங்க, அவன் சீனாவுக்குத் திரும்பிப் போக முடியாது. அதுக்காகத்தான் வெட்டினாங்க" என்றாள் ஆச்சி. ஒரு முடிவெட்டுக்குள் இவ்வளவு தந்திரமா என்று நான் திகைத்துப்போனேன்.

அவள் குடும்பத்துக்குக் கிறிஸ்து வந்தது அத்தனை பழங்காலத்தில் இல்லை. சீனாவில் ஆட்சி மாறி, அங்கிருந்து துரத்தப்பட்ட வெள்ளைக்காரச் சாமியார்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குச் சீன பாஷை தெரியும், போக வேறு இடம் கிடையாது. எனவே மணிலாச் சீனர்களின் தெருக்களில் பள்ளிக்கூடம் கட்டினார்கள், பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தார்கள், கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ஆச்சியின் தாத்தா ஆணி, பெயிண்ட் விற்கிற கடை வைத்திருந்தார். அங்கே ஒரு சாமியார் தினமும் சைக்கிளில் வந்து அரைக் கிலோ ஆணி வாங்குவாராம். இரண்டு வருஷம் விடாமல் வாங்கினார். அந்த ஆணிகளை வைத்து ஒரு கப்பலே கட்டியிருக்கலாம். தாத்தா தேநீர் கொடுத்தார், ஆணி கொடுத்தார், ஞானஸ்நானத்துக்குத் தலையை மட்டும் கொடுக்கவில்லை.

கடைக்குள் கல்லாவுக்கு மேலே ஒரு மரப்பலகை இருந்தது. செத்துப்போன முன்னோர்களின் பெயர்களை வரிசையாகச் செதுக்கிய பலகை. அதன்முன் தினமும் ஊதுவத்தி, நல்ல நாளில் சோறு. நான் மாறிவிட்டால் இவர்களுக்கு யார் சோறு வைப்பார்கள் என்பதுதான் தாத்தாவின் ஒரே கேள்வி. இப்படி இருந்தவர், ஒரு மாதம், திடீரென்று, குடும்பத்தோடு போய் ஞானஸ்நானம் வாங்கிவிட்டார். ஏன் என்பது ஆச்சிக்கே தெரியாது. அவள் அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. அவரைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாராம்.

ஆனால் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் அவர் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். மாதா கோயில் முற்றத்தில் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றில் நெருப்பு மூட்டி, புதிதாகச் சேர்ந்தவர்களின் பலகைகளையெல்லாம் அந்த ஆணிச் சாமியார் ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். தாத்தா தன் பலகையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பதிலாகச் சாமியார் கொடுத்ததுதான் அந்த மாதா படம். பலகை இருந்த இடத்தில் மாதா வந்து உட்கார்ந்தாள். ஆச்சியின் அப்பா அந்தப் படத்தின் முன் ஒரு தடவைகூடக் கைகூப்பவில்லை, வளர்ந்தபின் கோயில் படியை மிதிக்கவும் இல்லை. ஆச்சி குவைத்துக்குக் கிளம்பும்போது, எனக்கெதற்கு இது, நீயே கொண்டுபோ என்று சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அந்த வருஷம் அவருக்கு இருதய ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். வயது எழுபதைத் தாண்டியாயிற்று, பிழைப்பார் என்று டாக்டர்களே அழுத்திச் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா ஒரு சாமியாரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும், கோபத்தோடு போய்விடக்கூடாது என்பது ஆச்சியின் ஆசை. குவைத்தில் வார விடுமுறை வெள்ளிதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் வீடியோவில் அவரைக் கூப்பிடுவாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது சண்டையில் முடியும். அவர் சொல்வது ஒன்றேதான் என்று அம்மாவிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எங்ககிட்ட வாங்கி எரிச்சதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லு. அப்புறம் பேசலாம்." எரித்த சாமியாரோ செத்துப்போய் எத்தனையோ வருஷங்கள் ஆகியிருந்தன.

இப்படியிருக்க, சரஸ்வதி பூஜை வெள்ளிக்கிழமையில் வந்தது.

ஆச்சி காலையிலேயே குவைத் சிட்டி கோயிலுக்கு பஸ் ஏறிவிட்டாள். அப்பா விடுமுறைத் தூக்கம். அம்மா அடுப்படியில். ஐந்து வயதுத் தம்பி செய்தித்தாளின்மேல் உருண்டுகொண்டிருந்தான். நான் எங்கள் சாமிகளைத் துடைத்து முடித்துவிட்டு, வேலை செய்த பெருமையில் சுற்றிமுற்றும் பார்த்தேன். ஆச்சியின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மாதா ஊதுவத்திப் புகையேறி, மஞ்சள் பூத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இருக்கிற சாமி, அவள் மட்டும் குளிக்காமல் இருப்பதா? எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. கட்டிலில் ஏறிக் கழற்றிவிட்டேன்.

புகை லேசில் போகவில்லை. சட்டத்தின் இடுக்குகளில் கறுப்பு பிசின்போல ஒட்டியிருந்தது. ஈரத்துணிக்கு மசியாது என்று தெரிந்ததும் பாத்ரூமுக்குக் கொண்டுபோனேன். சுவரில் சாய்த்து நிறுத்தி, பாத்திரம் கழுவுகிற சோப்பை ஊற்றி, ஷவரைத் திறந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. கண்ணாடி பளிச்சென்று ஆனது. ஹாலுக்குக் கொண்டுவந்து துடைத்து, நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, அழகு பார்ப்பதற்காகத் தள்ளி நின்றேன். மாதாவின் நீல அங்கியின் அடியில் ஒரு பழுப்புத் திட்டு மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் உள்ளே போயிருந்தது.

உலர்த்திவிட்டால் சரியாகிவிடும் என்று படத்தைக் குப்புறப் போட்டேன். பின்பக்கம் அட்டையை மூடிப் பழைய தாள் ஒட்டியிருந்தது. நனைந்திருந்ததால் நகத்தால் கீறியதுமே உரிந்து வந்தது. சந்தனம் கரைத்த ஸ்பூனால் நெம்பினேன். அட்டை எழும்பியது. உள்ளேயிருந்து சிவப்பாக ஏதோ வழிந்து என் விரல்களில் ஓடியது. ரத்தம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மாதாவுக்கு ரத்தம் வருகிறது, நான் ஸ்பூனால் குத்திவிட்டேன்.

"அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் அப்பாகூட எழுந்து வந்துவிட்டார். அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்து அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, என்னட்டி பண்ணி வச்சிருக்க!"

"குளிப்பாட்டுனேம்மா."

"எங்க வச்சு?"

"பாத்ரூம்ல."

"பாத்ரூம்லயா!" அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். அவளுக்கு ரத்தத்தைவிட பாத்ரூம்தான் பெரிய அதிர்ச்சி. "ஊரான் சாமியக் கொண்டுபோயி பாத்ரூம்லயா வப்பாங்க?"

அப்பாவின் கவலை வேறு. "மேடம் போலீசுக்கு கீலீசுக்குப் போயிட்டா என்ன செய்ய? இது அடுத்தவன் நாடு." தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "மாதா செத்துட்டாங்க" என்று அறிவித்தான். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

அம்மாதான் முதலில் சுதாரித்தாள். மண்டியிட்டு அட்டையை முழுவதும் விலக்கினாள். ரத்தம் இல்லை. படத்தின் முதுகோடு முதுகாக ஒரு சிவப்புத் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் சாயம்தான் கரைந்து ஓடியிருந்தது. கோழிக்குஞ்சைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கி, இஸ்திரி போடுகிற மேசைமேல் விரித்தாள். ஒன்றின் கீழ் ஒன்றாக, கறுப்பு மையில், சீன எழுத்துகள். ஒவ்வொரு வரிக்கு அடியிலும் பென்சிலால் பொடியாக ஏதோ எழுதியிருந்தது. அடி ஓரத்தில் தண்ணீர் தேங்கி, கடைசி வரியின் மை மட்டும் சுத்தமாகக் கரைந்து ஒரு கறையாகியிருந்தது. அம்மா தலைமுடி உலர்த்துகிற மிஷினை எடுத்துவந்து, எட்டத்தில் பிடித்து, தாளுக்குக் காற்றுக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த நிலையில்தான் ஆச்சி கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

அவள் முதலில் பார்த்தது நெற்றியில் குங்குமத்தோடு தரையில் கிடந்த மாதாவை. கையிலிருந்த பை நழுவி விழுந்தது. அம்மா மிஷினை அணைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டினாள். "மாதா வாஷ். வாட்டர் இன்சைட் கோ. மை டாட்டர், வெரி சாரி." நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஆச்சி இரண்டு எட்டு வைத்து இஸ்திரி மேசைக்கு வந்தாள். அந்தச் சிவப்புத் தாளின்மேல் குனிந்தாள். சாமியார்களின் சீனப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எழுத்து தெரியும். விரலை வைக்காமல், விரலை மேலாகவே ஓட்டி முதல் வரியை வாசித்தாள். இரண்டாவதை வாசித்தாள். அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அந்தப் பெயர்கள் எரிந்துபோன பலகையில் இருந்தவை. ஆச்சியின் அப்பா சொல்லிச் சொல்லி அவளுக்கும் முதல் நாலைந்து பெயர்கள் மனப்பாடம். தாத்தாவே எழுதி ஒளித்து வைத்தாரோ என்றுதான் முதலில் நினைத்தாளாம். ஆனால் தாத்தா தூரிகையால் எழுதுகிறவர். இது பேனாவில் எழுதியது, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பரீட்சைக்குப் பயந்த பிள்ளை எழுதியதுபோல் நின்றது. அதோடு பென்சிலில் இருந்தவை இங்கிலீஷ் எழுத்துகள். அந்தச் சீனப் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்ற குறிப்பு. சீனன் எவனுக்கும் அது தேவையில்லை. வெளியிலிருந்து வந்து அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டவனுக்குத்தான் தேவை, அதுவும் வாய்விட்டு வாசிக்கிறவனுக்கு. தாளின் உச்சியில் பென்சிலால் ஒரு சின்னச் சிலுவை போட்டிருந்தது. ஆச்சி அதைத் தொட்டுவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அடிபட்டவள் பார்க்கிற பார்வை அது.

"அவரேதான். எரிச்சவரேதான் எழுதியிருக்கார்" என்றாள்.

போன் அதற்குள் அடிக்க ஆரம்பித்திருந்தது. வழக்கமான வெள்ளிக்கிழமை நேரம் கடந்துவிட்டதால் மணிலாவிலிருந்து அவரே கூப்பிட்டுவிட்டார். முண்டா பனியனோடு, ஒடிசலாக, சண்டைக்குத் தயாரான முகத்தோடு திரையில் தெரிந்தார். அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது சீன பாஷையில். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. பிறகு ஆச்சி அம்மாவுக்குச் சொன்னதை வைத்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆச்சி எதையும் விளக்கவில்லை. போனைத் தாளுக்கு நேராகத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டு, பெயர்களை வாசிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது பெயரிலேயே அவருடைய உதடுகளும் அசைய ஆரம்பித்துவிட்டன. ஐந்தாவதுக்குப் பிறகு அவர் முந்திக்கொண்டார். இவள் வாசிப்பதற்கு முன்னால் அவர் சொன்னார். பத்தாவது பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

இன்னொன்று இருக்கிறது, மை கரைந்துவிட்டது என்றாள் ஆச்சி.

இருக்காது என்றார் அவர். பலகையைத் துடைக்கிற வேலை சின்ன வயதில் என்னுடையது, பத்துப் பெயர்தான், பதினொன்று கிடையாது.

ஆச்சி கறையின்மேல் குனிந்தாள். கண் நிறைந்திருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. எனக்குத் தெரிந்தது. மை போயிருந்ததே தவிர, பென்சில் போகவில்லை. பென்சில் தண்ணீரில் அழியாது என்பதை என்னைப்போல வாட்டர் பாட்டில் ஒழுகிய பையைத் தூக்குகிற எந்தப் பிள்ளையும் சொல்லும். செய்த தப்புக்கு ஏதாவது ஈடுகட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நானே எழுத்துக்கூட்டி, உரக்க, வகுப்பில் வாசிப்பதுபோல் வாசித்தேன்.

"பீ... லான்."

திரையில் அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டதென்று நினைத்து நான் போனை ஆட்டிப் பார்த்தேன். பிறகு அந்தப் பக்கம் போன் சாய்ந்தது. கூரையும், அதில் சுற்றுகிற மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. ஆச்சி அப்பாவை இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள். வயதான மனிதர் ஒருவர் அழுகிற சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பீலான் அவருடைய தங்கை. அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே ஆச்சிக்கு அன்றுதான் தெரியும். தனக்கு ஓர் அத்தை இருந்தாளா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறந்து மூன்று வாரம் இருந்தாளாம். காய்ச்சலில் போய்விட்டாள். தாத்தா ஞானஸ்நானத்துக்குச் சம்மதிக்காமல் இருந்த காலம் அது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கோயில் கல்லறையில் இடமில்லை. பல் முளைக்காத பிள்ளையின் பெயரை முன்னோர் பலகையிலும் சேர்ப்பதில்லை, அது அவர்கள் வழக்கம். தாத்தா ஒரு சின்னப் பெட்டியைத் துணியில் சுற்றி, தனியாக எங்கோ எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதமே மிச்சமிருந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சாமியார் துக்கத்தில் இருந்த அப்பாவைச் சமயம் பார்த்துப் பிடித்துவிட்டார் என்று எட்டு வயதுப் பையன் முடிவு கட்டினான். பலகை எரிந்த அன்று அவன் சாமியாரின் அங்கியைப் பிடித்து இழுத்து, என் தங்கச்சியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறான். சாமியார் பதில் சொல்லாமல் போய்விட்டாராம்.

போன பிறகாவது பதிலை எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பையன் கைகூப்ப மறுத்த படத்துக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில் வைத்துவிட்டார். அவருடைய மேலிடத்துக்குப் பயந்து ஒளித்தாரா, தாத்தாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் வைத்தாரா, யாருக்கும் தெரியாது. இதை நினைக்கும்போதெல்லாம் அந்த ஆணிச் சாமியார்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அறுபது வருஷத்துக்குமேல் ஒரு மனிதரை முறைத்துக்கொள்ளவிட்டீர்களே, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

போன் மறுபடியும் நிமிர்ந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளிடம் ஏதோ சொன்னார். எரித்ததைத் திருப்பித் தந்துவிட்டான், ஒன்று கூடுதலாகவே தந்திருக்கிறான் என்று சொன்னாராம். பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னார். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டு, "சாரி அங்கிள், வாஷ் பண்ணிட்டேன்" என்றேன். அவர் காதில் அது விழவே இல்லை. இன்னொரு தடவை சொல் என்பதுபோல் விரலைக் காட்டினார்.

"பீலான்" என்றேன்.

மறுபடியும் விரல். மறுபடியும் சொன்னேன். ஐந்தாறு தடவை சொல்லவைத்தார். உச்சரிப்பு சரியில்லை, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்லச்சொல்லிப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு மாதிரி சொல்லிப்பார்த்தேன்.

அம்மா இவ்வளவு நேரமும் கதவோரம் நின்றிருந்தாள். போன் வைத்த பிறகு ஆச்சி நடந்ததையெல்லாம் அவளுக்கு மெல்ல மெல்லச் சொன்னபோது, அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எத்தன நாளு இருந்துச்சாம்?"

மூன்று வாரம் என்று நான் மொழிபெயர்த்தேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் சுண்டல் தீய்ந்த வாசனை வந்தது. அம்மா கையில் அடிப்பிடித்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் தீய்ந்ததையே எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார்.

பூஜை முடிந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதே ஆச்சி தாளும் பசையும் எடுத்துவந்து படத்தை மறுபடி மூட உட்கார்ந்தாள். சிவப்புத் தாள் நன்றாகக் காய்ந்திருந்தது. அடுத்த வாரமே லீவு போட்டு அதைப் படத்தோடு மணிலாவுக்குக் கொண்டுபோவதென்று முடிவு செய்திருந்தாள். கொண்டுபோகவும் செய்தாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு சாமியாரைத் தன் அறைக்குள் பத்து நிமிஷம் விட்டாராம் அவள் அப்பா. அந்தப் பத்து நிமிஷமும் அவரைப் பாவமன்னிப்புப் பேச்சே எடுக்கவிடாமல் தாளில் இருந்த பெயர்களையெல்லாம் வாசிக்கவைத்தாராம். ஆபரேஷனில் பிழைத்து, அதன்பின் நாலு வருஷம் இருந்தார்.

ஆனால் அன்று சாயங்காலம், ஆச்சி அட்டையை வைத்து அழுத்தப்போன சமயம், அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பூஜைக்குக் கட்டிய பட்டுச்சேலைகூட மாற்றவில்லை.

"ஒன் மோர் நேம்," என்றாள் அம்மா. "யூ ரைட். கேன்?"

ஆச்சி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். யார், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேனாவைத் தேடினாள்.

"பேனா வேண்டாம். ஏட்டி, உன் பென்சில எடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

நான் ஓடிப்போய்ப் பென்சில் டப்பாவையே கொண்டுவந்தேன். அம்மா ஆச்சியின் காதுக்கருகே குனிந்து ஒரு பெயரைச் சொன்னாள். ஆச்சி பீலானுக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்துகளில் எழுதினாள். நான் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினேன். செண்பகா.

நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், இதே குவைத்தில், என் அம்மாவுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்து ஒன்பது நாள் இருந்தது என்பதை எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் சொன்னார்கள். பச்சைப்பிள்ளைக்கு எங்களிலும் திவசம் கிடையாது, சுவரில் படம் கிடையாது. அப்பாவும் கம்பெனிக்காரர் ஒருவருமாகப் போய் மணலில் வைத்துவிட்டு வந்தார்களாம். அம்மாவைக் கூட்டிப்போகவில்லை. அன்று எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

"யாரும்மா அது செண்பகா?" என்று கேட்டேன்.

"நம்ம வீட்டு ஆளுதாம்ட்டி."

நான் விரல்விட்டு எண்ணினேன். அப்பா, அம்மா, நான், தம்பி. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினேன். அம்மாவே தப்புச் செய்வது எனக்கு அபூர்வமான சந்தோஷம்.

"நம்ம வீட்ல நாலு பேருதானம்மா. தப்பா எழுதிட்டாங்க" என்று சொல்லி, டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினேன்.

அம்மா அதை வாங்கிக்கொண்டாள். கடைசிவரை திருப்பித் தரவில்லை.